பழைய வேலையை மறந்துவிட்டு வராதீர்கள்!

768 பெண்கள். அவர்களில் 35 பேருக்கு ரத்த அழுத்தம் பூஜ்யம். 11 பேருக்கு உடல் எடைக் குறியீடு, அதாவது பி.எம்.ஐ., பூஜ்யம்.

டேட்டா அனலிஸ்ட் ஆகும் ஆசையில் வகுப்புக்கு வரும் பலரிடமும் பயிற்சிக்காகக் கொடுக்கப்படும் ஒரு புகழ்பெற்ற அட்டவணையில் இந்த எண்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் பீமா பழங்குடிப் பெண்களிடம் சர்க்கரை நோய் ஆய்வுக்காகத் திரட்டப்பட்டவை. யாருக்குச் சர்க்கரை நோய் வரும் என்று கணிப்பதுதான் பயிற்சி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்த மாணவர் அட்டவணையை இறக்கிக்கொள்கிறார், நாலு வரி பைதான் எழுதுகிறார், சராசரி எடுக்கிறார். இன்சுலின் சராசரி ஏறக்குறைய 80 என்று திரையில் வருகிறது. குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகிறார்.

வார்டில் இரண்டு வருடம் வேலை பார்த்த நர்ஸ் ஒருவர் இதே அட்டவணையைத் திறந்தால் முதல் நிமிடத்திலேயே நின்றுவிடுவார். பி.பி. பூஜ்யம் என்றால் அந்த நோயாளி உயிரோடு இருக்க முடியாதே! யாரோ அளக்கவில்லை, அல்லது அளந்ததை எழுதவில்லை. காலியாக விடவேண்டிய கட்டத்தில் பூஜ்யம் உட்கார்ந்திருக்கிறது. இன்சுலின் பத்தியில் மட்டும் இப்படி 374 பூஜ்யங்கள். அவற்றை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால் சராசரி 155-ஐத் தாண்டுகிறது. மாணவர் சொன்னது கிட்டத்தட்ட அதில் பாதி.

பைதானை அந்த நர்ஸ் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்வார். வார்டை அந்த மாணவர் எங்கே போய்க் கற்பார்?

வேறு துறையிலிருந்து டேட்டா அனாலிசிஸுக்கு மாற நினைப்பவர்கள் இந்தக் கேள்வியோடு தொடங்குவது நல்லது. ஆனால், வேளச்சேரியிலும் கோவை காந்திபுரத்திலும் தொங்கும் விளம்பரத் தட்டிகள் வேறு மாதிரிப் பேசுகின்றன. 'எந்த டிகிரியும் ஓகே', 'கோடிங் தெரிய வேண்டாம்', 'மூன்றே மாதம்', 'நூறு சதவீத பிளேஸ்மென்ட்'. இதுவரை செய்ததை மறந்துவிட்டு வாருங்கள் என்பதுதான் இவற்றின் தொனி.

வருகிறவர்களும் அப்படியே வருகிறார்கள். சிவில் முடித்து ஐந்து வருடம் சைட்டில் வெயிலில் நின்றவர், தனியார் பள்ளி ஆசிரியை, குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டு மறுபடி உள்ளே வரப் பார்ப்பவர், வங்கிக் கடன் வசூல் பிரிவில் தினமும் திட்டு வாங்கிச் சலித்தவர்... ரெஸ்யூமேயில் பழைய வருடங்களை ஒரு வரிக்குள் சுருக்கிக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். மேலே பெரிய எழுத்தில் 'பைதான், எஸ்.க்யூ.எல்., பவர் பி.ஐ.' ஐந்து வருட அனுபவசாலி தன்னைத்தானே ஃப்ரெஷர் ஆக்கிக்கொண்டு, 22 வயது அசல் ஃப்ரெஷரோடு போட்டிக்கு நிற்கிறார். அந்த 22 வயதுக்காரருக்கு வீட்டுக் கடன் இல்லை, பள்ளிக் கட்டணம் இல்லை, குறைந்த சம்பளத்துக்கும் சரி என்பார். இந்தப் போட்டியில் யார் ஜெயிப்பார் என்று சொல்ல டேட்டா அனலிஸ்ட் தேவையில்லை.

பீர் ஆலையை விட்டுப் போகாத மனிதர்

வேறு துறையிலிருந்து வந்து இந்தத் துறையையே வளர்த்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் வில்லியம் சீலி காசெட். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்துவிட்டு, 1899-ல் டப்ளினில் உள்ள கின்னஸ் பீர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். பார்லியும் ஹாப்ஸும்தான் அவர் உலகம். எந்த ரக பார்லி நல்லது, எந்த நிலத்தில் விளைந்தது நல்லது என்று பார்க்க வேண்டும். கையில் இருப்பதோ நாலைந்து வயல்களின் விளைச்சல் கணக்கு மட்டும். அன்றைய புள்ளியியல், நூற்றுக்கணக்கில் மாதிரிகள் இருந்தால்தான் வாயைத் திறக்கும். நாலு வயலை வைத்துக்கொண்டு எதை நம்புவது?

நிறுவனமே அவரை 1906-ல் லண்டனுக்கு, புள்ளியியல் மேதை கார்ல் பியர்சனிடம் அனுப்பியது. ஆனால், பெரிய மாதிரிகளோடு வேலை செய்து பழகிய பியர்சனுக்கு, இந்தச் சிறிய எண்ணிக்கைப் பிரச்னை பெரிதாகப் படவில்லை. பீர் ஆலைக்காரருக்கு அதுதான் தினசரித் தலைவலி. தலைவலி உள்ளவரே மருந்தும் கண்டுபிடித்தார். 1908-ல் கட்டுரை வெளியானது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வுகளை வெளியிட நிறுவனம் அனுமதிக்காததால் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். இன்று மருந்துப் பரிசோதனையிலிருந்து விளம்பரச் சோதனை வரை பயன்படும் 'ஸ்டூடன்ட் டி-டெஸ்ட்' அதிலிருந்து வந்ததுதான்.

உலகப் புகழ் வந்த பிறகும் காசெட் ஆலையை விட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. 1937-ல் இறக்கும்வரை கின்னஸ் ஊழியர்தான். அவருக்கு வந்த கேள்விகள் எல்லாம் பார்லி மூட்டையிலிருந்து வந்தவை.

கிரீமியப் போரில் செவிலியராக இருந்த ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் கதையும் இதே ஜாதி. காயத்தைவிடத் தொற்றுநோயால்தான் அதிக வீரர்கள் இறந்தார்கள் என்பதை 1858-ல் வண்ண வரைபடமாக்கி அரசுக்குக் காட்டினார். நம் நாட்டில் மகாலனோபிஸ் இயற்பியல் பேராசிரியர்; 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் பிறந்த ஜூன் 29-ஐத்தான் புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறோம்.

அக்டோபரில் ஏன் விற்பனை சரிந்தது?

சரி, ஒரு டேட்டா அனலிஸ்ட் காலையில் ஆபீஸ் போய் என்னதான் செய்கிறார்? விளம்பரங்களில் வண்ண வண்ண டேஷ்போர்டு காட்டுகிறார்கள். டேஷ்போர்டு கடைசியில் வருவது. அதற்கு முன்னால், நாலு இடத்திலிருந்து நாலு விதமாக வரும் கணக்கை ஒன்றாக்குவது, 'சென்னை', 'மெட்ராஸ்', 'சென்னை-17' என்று மூன்று விதமாக எழுதப்பட்ட ஒரே ஊரை ஒரே ஊராக்குவது, தேதியும் மாதமும் இடம் மாறியதைக் கண்டுபிடிப்பது என்று பொறுமையைச் சோதிக்கும் வேலைகள். அதற்கும் முன்னால், மேனேஜர் கேட்ட கேள்வியின் அர்த்தத்தை அவரிடமே கேட்டுத் தெளிவது. 'கஸ்டமர் குறைஞ்சுட்டாங்களா பாருங்க' என்பார். கஸ்டமர் என்றால் யார்? ஒருமுறை வாங்கியவரா, ஆறு மாதத்தில் ஒருமுறையாவது வந்தவரா? இதைக் கேட்காமல் உட்கார்ந்தால் இரண்டு நாள் வேலை குப்பைக்குப் போகும்.

பயிற்சி நிலையம் கற்றுத்தராத இடம் இதற்கு அப்பால் வருகிறது. ஜவுளிக் கடை ஒன்றின் விற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபரோடு ஒப்பிட்டால் 2023 அக்டோபரில் விற்பனை படுத்துவிட்டது. புது அனலிஸ்ட் பதறிப்போய்ச் சிவப்பு அம்பு போட்டு அறிக்கை அனுப்புகிறார். ரங்கநாதன் தெருவில் பில் போடும் பையனிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பான். 2022-ல் தீபாவளி அக்டோபர் 24. 2023-ல் நவம்பர் 12. கூட்டம் எங்கும் ஓடிப்போகவில்லை, அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. 2024-ல் தீபாவளி அக்டோபர் 31-க்குத் திரும்பியதும் அதே அனலிஸ்ட் 'அமோக வளர்ச்சி' என்று பச்சை அம்பு போடுவார்! ஆடித் தள்ளுபடி, முகூர்த்த நாட்கள், பள்ளி திறப்பு, சம்பளத் தேதி... இவை எதுவும் எக்செல் பத்தியில் இருப்பதில்லை. கடையில் நின்றவர் மனதில் இருக்கின்றன.

தொழிற்சாலையில் இன்னொரு பொறி உண்டு. மூன்றாவது ஷிஃப்ட் இரவில் தொடங்கி மறுநாள் காலையில் முடிகிறது. நள்ளிரவு 2 மணிக்கு விழுந்த ரிஜெக்‌ஷன் எந்த நாளின் கணக்கு? கம்ப்யூட்டருக்கு அது மறுநாள். ஷிஃப்ட் இன்ஜினீயருக்கு அது நேற்றைய மூன்றாவது ஷிஃப்ட். தேதியை மட்டும் வைத்துத் தொகுத்தால் ஒரு ஷிஃப்டின் பிழை இரண்டு நாளுக்குப் பிரிந்துவிடும், குற்றவாளி தப்பிவிடுவார்.

ஏற்கெனவே அனலிஸ்ட்தான்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் குவாலிட்டி பிரிவில் வேலை செய்யும் மெக்கானிக்கல் இன்ஜினீயர்கள் பலர் இந்த மாற்றத்தை விரும்புகிறார்கள். 'எனக்கு ஸ்டேடிஸ்டிக்ஸ் தெரியாது' என்று பயந்துகொண்டே. ஆனால், அவர்கள் தினமும் பார்க்கும் கன்ட்ரோல் சார்ட் என்ன? 1924-ல் பெல் தொலைபேசி நிறுவனத்துக்காக வால்டர் ஷூஹார்ட் வரைந்த அசல் புள்ளியியல் கருவி அது. பரேட்டோ சார்ட், எஸ்.பி.சி., சி.பி.கே. என்று அவர்கள் சாதாரணமாகப் புழங்கும் விஷயங்களைப் பல டேட்டா வகுப்புகள் தொடுவதே இல்லை. அதை ரெஸ்யூமேயில் மேலே போடுங்கள் சார்! 'ரிஜெக்‌ஷன் ஏன் கூடியது என்று ஆறு மாதக் கணக்கை வைத்துக் கண்டுபிடித்தேன்' என்பதுதான் அனலிஸ்ட் வேலைக்கான தகுதி. பைதான் சான்றிதழ் அதற்குக் கீழேதான்.

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் எமிஸ் தளத்தில் வருகைப்பதிவு முதல் அத்தனையும் ஏற்றுகிறார்கள். கிராம சுகாதார செவிலியர்கள் கர்ப்பிணிகளின் விவரங்களை பிக்மி தளத்தில் பதிவு செய்கிறார்கள். கணக்குப் பிள்ளைகள் டேலியில் வாழ்கிறார்கள். சைட் இன்ஜினீயர்கள் அளவுப் புத்தகமும் பில்லும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். இவர்கள் யாரும் தங்களை டேட்டா ஆட்கள் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஒரு எண் எப்படிப் பிறக்கிறது, மாதக் கடைசியில் அவசரமாக எப்படி 'நிரப்பப்படுகிறது' என்று அவர்களுக்குத்தான் தெரியும். எந்த எண்ணைச் சந்தேகப்பட வேண்டும் என்பது பாதி வேலை.

எதை, எங்கே படிப்பது?

இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. முதலில் எக்செல். 'அது தெரியுமே' என்று தாண்டாதீர்கள். பிவட் டேபிள், எக்ஸ்-லுக்கப், பவர் க்வெரி வரை போக வேண்டும். 2020-ல் இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறை, எக்செலின் பழைய கோப்பு வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை என்பதைக் கவனிக்காததால் 15,841 கொரோனா நோயாளிகளைக் கணக்கில் தவறவிட்டது. எக்செல் தெரியும் என்று நினைத்தவர்கள்தான் அவர்களும்.

அடுத்தது எஸ்.க்யூ.எல். 1970-ல் ஐ.பி.எம்.-இன் எட்கர் காட் சொன்ன யோசனையின் மேல் கட்டப்பட்ட மொழி. ஐம்பது வருடம் தாண்டியும் வேலை விளம்பரங்களில் முதல் வரிசையில் நிற்கிறது. செலக்ட், வேர், குரூப் பை ஒரு மாதத்தில் வந்துவிடும். இரண்டு அட்டவணைகளை இணைக்கும் ஜாயின்தான் ஆளைக் கவிழ்க்கும். ஒரு வாடிக்கையாளர் பெயர் இரண்டு முறை பதிவாகியிருந்தால், ஜாயின் செய்தவுடன் அவருடைய பில் எல்லாம் இரண்டு மடங்காகிவிடும்; எந்த எச்சரிக்கையும் வராது. மொத்தத் தொகையைக் கடைக் கணக்கோடு ஒத்துப்பார்க்கும் பழக்கம் உள்ள அக்கவுண்டன்ட் இங்கே தப்பித்துவிடுவார். பிறகு பவர் பி.ஐ. அல்லது டேப்லோ, ஏதாவது ஒன்று போதும். சராசரிக்கும் இடைநிலைக்கும் உள்ள வித்தியாசம், மாதிரி எடுப்பது, நிகழ்தகவு என்று பிளஸ் டூ அளவுப் புள்ளியியலைத் தூசி தட்ட வேண்டும். பைதான் கடைசியில் வரட்டும்.

என்.பி.டி.இ.எல்., ஸ்வயம் தளங்களில் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் பணம். பட்டமே வேண்டும் என்பவர்களுக்கு சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஜே.இ.இ. தேவையில்லை, வயது வரம்பு இல்லை. நான்கு வாரப் பாடத்துக்குப் பின் தகுதித் தேர்வு. அடிப்படை நிலை, டிப்ளமோ, பி.எஸ்சி., பி.எஸ். என்று எந்தப் படியிலும் இறங்கிக்கொள்ளலாம். ஒன்று மட்டும்: கணிதப் பகுதி கடினம். பெயரைப் பார்த்துச் சேர்ந்து பாதியில் நிற்பதைவிட, முதல் நான்கு வாரப் பாடத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

டைட்டானிக்கை மூழ்க விடுங்கள்

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'புராஜெக்ட்' கேட்பார்கள். பலர் டைட்டானிக் கப்பல் பயணிகள் பட்டியலையே எடுத்து வருகிறார்கள். யார் பிழைத்தார் என்று கணிப்பது. இணையத்தில் விடையே கிடைக்கும். தேர்வு செய்பவர் அதை எத்தனை முறை பார்த்திருப்பார்!

சென்னைக்காரராக இருந்தால் குடிநீர் ஏரிகளை எடுங்கள். மெட்ரோ வாட்டர் தன் தளத்தில் தினமும் நீர் இருப்பை வெளியிடுகிறது. முழுக் கொள்ளளவு பூண்டிக்கு 3,231 மில்லியன் கன அடி, சோழவரத்துக்கு 1,081, புழலுக்கு 3,300, செம்பரம்பாக்கத்துக்கு 3,645. சும்மா கோடு வரைந்தாலே 2015 வெள்ளமும் 2019 வறட்சியும் கண்ணில் அடிக்கும். அதற்குப் பிறகுதான் சுவாரஸ்யம். மழையே இல்லாத மாதத்தில் பூண்டியில் நீர் ஏறுகிறது. பிழையா? கண்டலேறு அணையிலிருந்து கிருஷ்ணா நீர் வந்திருக்கலாம். பூண்டியில் சரசரவெனக் குறைகிறது. ஆவியாகிவிட்டதா? கால்வாய் வழியாகப் புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் போயிருக்கலாம். அந்த ஏரிகளின் கணக்கைப் பக்கத்தில் வைத்தால் தெரியும். 2020-ல் 500 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்ட கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் புதிதாகச் சேர்ந்தது. அதற்கு முந்தைய 'மொத்த இருப்பு சதவீத'த்தையும் பிந்தையதையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கு தப்பும். இத்தனையும் யோசித்து இரண்டு பக்கம் எழுதியவரை நேர்காணலில் எப்படி விடுவார்கள்? உங்கள் ஊர் வேறு என்றால் நெல் கொள்முதல், மின்வெட்டு, தக்காளி விலை என்று உங்கள் கைக்கு எட்டியதை எடுங்கள்.

யாரும் சொல்லாத பக்கம்

சம்பளம் முதலில் இறங்கலாம். வேறு துறையில் பத்து வருடம் ஓட்டியவர்கள் இதை வீட்டில் பேசிவிட்டுத்தான் இறங்க வேண்டும். 'டேட்டா அனலிஸ்ட்' என்ற பெயரில் டேட்டா என்ட்ரி வேலை கொடுப்பவர்களும் உண்டு. வேலை விவரத்தைப் படியுங்கள். 'எம்.ஐ.எஸ். எக்ஸிக்யூட்டிவ்' என்று வரும் வேலையைப் பெயரைப் பார்த்து ஒதுக்காதீர்கள், பலருக்கு அதுதான் வாசல்.

நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்றால், எந்த வேலை, என்ன சம்பளம், கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் கேளுங்கள். பயிற்சிக் கட்டணத்துக்குக் கடன் ஏற்பாடு செய்து தருகிறோம் என்றால் கூடுதல் உஷார். வகுப்பு பிடிக்காமல் நின்றாலும் தவணை நிற்காது. 'இரண்டு வருட அனுபவம் போட்டுத் தருகிறோம்' என்று காதில் ஓதுபவர் எவராயினும் எழுந்து வந்துவிடுங்கள். பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். கணக்கே காட்டிக்கொடுத்துவிடும், புது வேலையோடு நல்ல பெயரும் போகும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகும் இந்த வேலை இருக்குமா என்பது இன்று எல்லோரும் கேட்பது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து, எஸ்.க்யூ.எல். எழுதுவது மலிவாகிவிட்டது என்பது உண்மை. கருவியை மட்டும் கற்று வருபவர்களுக்கு இது கெட்ட செய்திதான், பூசி மெழுக வேண்டாம். 2023-ல் தீபாவளி எப்போது என்று கேட்டால் சாட்ஜிபிடி சரியாகவே சொல்லும். கேட்க வேண்டும் என்று தோன்றுவது ஜவுளிக் கடையில் நின்றவருக்கு. என் கணிப்பில், ஏதாவது ஒரு தொழிலை உள்ளே இருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் காலம் சாதகம். தட்டச்சு வேகத்தில் இளையவர்களிடம் தோற்போம் என்ற பயம் இனி வேண்டாம்.

அதனால், வேலையை ராஜினாமா செய்வதைத் தள்ளிப்போடுங்கள். பெரிய மருத்துவமனை, வங்கி, காப்பீட்டு நிறுவனம், தொழிற்சாலை பலவற்றில் இன்று ஒரு டேட்டா குழு இருக்கிறது. அங்கே உள்மாற்றம் கேட்பது, வெளியே நூறு விண்ணப்பம் போடுவதைவிட எளிது. உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

பயிற்சி நிலையத்தில் பணம் கட்டும் முன் இதைச் செய்யுங்கள். உங்கள் பிரிவில் எல்லோரும் முணுமுணுக்கும் ஒரு பிரச்னையைத் தேர்ந்தெடுங்கள். அனுமதி வாங்கி, ஆறு மாதக் கணக்கை எக்செலில் போடுங்கள். ஒரே ஒரு பக்கம், ஒரே ஒரு படம், ஒரே ஒரு பரிந்துரை. மேலதிகாரியிடம் கொடுங்கள். அந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை என்றால் தாராளமாகச் சேருங்கள். கொட்டாவி வந்தால், அந்தக் கட்டணம் உங்கள் வங்கிக் கணக்கிலேயே இருக்கட்டும்.